உள்ளே தள்ளினால் மட்டும் போதுமா? சூப்பர்சார்ஜரும் புகைக்குழாயும்

நிறைய பேர் கேட்ட கேள்வி: "காருக்கு சூப்பர்சார்ஜர் போட்டா எக்ஸாஸ்ட்டையும் மாத்தணுமா ப்ரோ?" இதுக்குப் பதில் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கிடைச்சாச்சு. அந்தப் பதில் எங்க ஊர் மொரப்பூர் வழியாவே ஓடியிருக்கு.

மொரப்பூர், சென்னை–சேலம் ரயில் பாதையில இருக்கு. கரண்ட் இன்ஜின் வர்றதுக்கு முன்னாடி இங்க ஓடினது ஆல்கோ டீசல். அமெரிக்க வடிவமைப்பு. 1962-ல் இந்தியாவுக்கு வந்தது. 1964-ல் இருந்து வாரணாசியில செஞ்சாங்க. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். கிளம்பும்போது கருகருன்னு புகை கக்கும். டீசல் உடனே கூடிடும். அதுக்கு ஏத்த காத்தை டர்போ தர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும். அந்த டர்போவுக்கு ரயில்வேயில பேரே 'டர்போ சூப்பர்சார்ஜர்'தான்.

இதோட மூலவர் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் அல்ஃபிரெட் பியூக்கி. வெளியேறும் புகையை வெச்சே காத்தை உள்ளே தள்ளலாம்னு 1905-ல் காப்புரிமை வாங்கினார். ஆரம்ப சோதனைகள் எடுபடல. 1925-ல் அவர் கை வெச்சது புகைக்குழாய்ல!

அதுல என்ன விஷயம்? ஒரு சிலிண்டர் புகையைத் துப்பும்போது குழாய்க்குள்ள ஒரு அழுத்த அலை ஓடும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாய்னா, அந்த அலை பக்கத்துல திறந்திருக்கிற சிலிண்டருக்குள்ள புகையைத் திருப்பித் தள்ளிடும். பியூக்கி, ஒண்ணுக்கொண்ணு இடிக்காத சிலிண்டர்களைக் குழு குழுவாப் பிரிச்சு, தனித்தனிக் குழாய் கொடுத்தார். அதே 1920-களில், ஜெர்மன் கப்பல் இன்ஜின்கள்ல அவரோட டர்போவால திறன் 1750-ல் இருந்து 2500 குதிரைத்திறனுக்கு ஏறிச்சு. ஆல்கோவும் 1930-களில் அவர் முறையைத்தான் எடுத்துக்கிட்டது.

இப்போ உங்க கார். பெல்ட்ல ஓடுற சூப்பர்சார்ஜருக்குப் புகை தேவையில்ல. ஆனா கூடுதலா உள்ளே போன காத்து, கூடுதல் புகையாத்தான் வெளியே வரணும். பழைய குழாய் குறுகலா இருந்தா, சூடான புகை சிலிண்டர்லயே மிச்சம் நிற்கும். புதுக் காத்துக்கு இடம் குறையும். பெட்ரோல் கலவை நேரங்கெட்ட நேரத்துல தானா வெடிக்கும், அதுதான் 'நாக்கிங்'. தொடர்ந்தா பிஸ்டனே போயிடும். அதனால மேனிஃபோல்டு, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், குழாயோட விட்டம் மூணையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

சைலன்சரைக் கழற்றி வீசுறது இதுக்குத் தீர்வு இல்ல. சத்தம் வேற, புகை தடையில்லாம போறது வேற. சட்டமும் இருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதனால ரேஸ் டிராக் வண்டிக்கு இந்தக் கணக்கைப் போடுங்க. தினமும் ஆபீஸ் போற வண்டின்னா, டர்போ பொருத்தியே விக்கிற காரை வாங்குங்க. அதுக்கான புகைக்குழாயைக் கம்பெனியே கணக்குப் போட்டு வெச்சிருக்கும்.