நாள் கணக்கு

சென்ற வருஷம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. பெயர் இல்லை, விலாசமும் இல்லை. என் நாவல் ஒன்றைப் படித்திருக்கிறார். அதில் கதாநாயகி ஒரே ஒரு மழை இரவில் தன்னை மறக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் கிணற்றடியில் மயங்கி விழுகிறாள். "ஒரு தடவை என்றாலே நிச்சயம்தானா? பத்து நாளாக எனக்குத் தூக்கம் இல்லை" என்று கேட்டிருந்தார். வேறு ஒரு வரி கூட இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. மழை இரவுக்கும் மயக்கத்துக்கும் நடுவில் இருக்கும் நாட்களை நாங்கள் யாரும் எழுதுவதில்லை. கதைக்கு அது சௌகரியம். ஆனால் பெண்கள் விரலை மடக்கி எண்ணிக் கொண்டு பயந்தது எல்லாம் அந்த நாட்களில்தான். அந்த நாட்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கடிதத்துக்குப் பதில் போட விலாசம் இல்லாததால் அதை இங்கே எழுதுகிறேன்.

1832-ல் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், சார்லஸ் நோல்டன் என்ற வைத்தியர் 'தத்துவத்தின் கனிகள்' என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பெயரைப் பார்த்தால் வேதாந்தம் போல் இருக்கும். உள்ளே இருந்தது கர்ப்பத்தடை. கூடிய உடனே படிகாரமோ, துத்தநாக உப்போ, காடியோ கலந்த நீரைப் பீச்சுகுழலால் செலுத்திக் கழுவிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. இதற்காக அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து அந்தப் புத்தகம் லண்டனில் மறுபடியும் கோர்ட்டு ஏறியது. 1877-ல் அதை ஆறு பென்னி விலையில் மறுபதிப்பாக வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் பிராட்லா. மற்றவர், பின்னாளில் நம் அடையாற்றில் வெள்ளைச் சேலையோடு நடமாடிய அன்னி பெஸண்ட் அம்மையார். இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் விற்கப் போகிறோம் என்று அதிகாரிகளுக்கு அவர்களே முன்கூட்டித் தெரிவித்தார்கள். ஏழைப் பெண்ணுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டா இல்லையா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஜூரர்கள் புத்தகம் கெட்டது, இவர்கள் நோக்கம் கெட்டதல்ல என்று ஒரு விசித்திரத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு மாதச் சிறையும் இருநூறு பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. 1878-ல் அப்பீலில், குற்றப் பத்திரிகையில் இருந்த ஒரு சட்டக் குறையினால் தண்டனை ரத்தாயிற்று. இதற்கிடையில் புத்தகம் லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது.

அம்மையார் சிறைக்குப் போகவில்லை. ஆனால் வேறொன்றைக் கொடுக்க நேர்ந்தது. நாஸ்திகர், இப்படிப்பட்ட புத்தகத்தை வெளியிட்டவர் என்று சொல்லி, அதே 1878-ல் மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்துத் தகப்பனாரிடம் ஒப்படைத்தது நீதிமன்றம்.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய அறிவு சரியானதுதானா? அங்கேதான் எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் கழுவுதல் நம்பத் தக்க தடையே அல்ல. விந்தணுக்கள் சில நிமிஷங்களிலேயே கருப்பையின் வாயைத் தாண்டிவிடுகின்றன. கழுவுகிற நீர் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது.

நாள் பார்த்து நடந்தவர்கள் கதி இன்னும் பரிதாபம். அக்காலத்து டாக்டர்கள், மிருகங்கள் பருவத்துக்கு வரும்போது ரத்தம் காண்பதைப் பார்த்து, பெண்ணும் மாதவிலக்கை ஒட்டித்தான் கருத்தரிப்பாள் என்று முடிவு கட்டினார்கள். ஆகவே இரண்டு விலக்குகளுக்கும் நட்ட நடுவில் உள்ள நாட்கள் அபாயமற்றவை என்று தைரியம் சொன்னார்கள். அவைதான் எல்லாவற்றிலும் அபாயமான நாட்கள்! நம் தொல்காப்பியமும் பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் கணவன் பிரிந்திருக்கலாகாது என்கிறது. கருத்தோன்றும் காலம் அது என்று உரைகாரர் விளக்குகிறார். பிள்ளை வேண்டியவர்களுக்குக் கணக்குச் சற்றுத் தவறினால் பாதகமில்லை. வேண்டாதவர்களுக்கோ அந்தத் தவறே ஒரு பிள்ளை.

கணக்கு நேரானது 1920-க்குப் பிறகுதான். ஜப்பானில் நீகாட்டா நகரத்து வைத்தியர் ஓகினோ 1924-லும், ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்பவர் அதற்குச் சில வருஷம் பின்னும், தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள். கருமுட்டை வெளிப்படுவது அடுத்த விலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால். ஆனால் அடுத்த விலக்கு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பஞ்சாங்கம் ஏது? ஆகவே இந்தக் கணக்கை மட்டும் நம்பியவர்களும் ஏமாந்தார்கள்.

1995-ல் அமெரிக்காவில், குழந்தை வேண்டிய 221 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும், ஆக ஆறு நாட்களில் கூடியவர்களே கருவுற்றார்கள். முட்டை ஒரு நாளுக்குள் அழிந்துவிடும். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். காரணம் அதுதான். மிகவும் வாய்ப்பான நாளில் கூட மூன்றில் ஒரு பங்குதான் சாத்தியம்.

நோல்டன் தேடிய "பிறகு செய்யும் வழி"யும் கடைசியில் கிடைத்தது, வேறு உருவத்தில். 1974-ல் கானடாவில் யூஸ்பே என்ற டாக்டர், சாதாரணக் கர்ப்பத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோன்களையே அதிக அளவில் கொடுக்கும் முறையை வெளியிட்டார். பிற்பாடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஒரே மருந்து போதும் என்றாயிற்று. அது முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப் போடுகிறது; தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்வதில்லை. 72 மணிக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் போய்த் தாமிரக் கருவி வைத்துக்கொண்டால், அதைவிட உறுதியான காவல் வேறில்லை.

1891-ல், பிரம்மஞானம் தழுவிய பின், பெஸண்ட் அம்மையார் கர்ப்பத்தடை பற்றித் தாம் எழுதிய புத்தகத்தை விற்பனையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். புலனடக்கமே வழி என்பது அவருடைய புது முடிவு. அவர் பதிலை மாற்றிக்கொண்டார். ஆனால் அந்தக் கோர்ட்டில் அவர் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க யாராலும் முடியவில்லை.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஒரு தடவை என்றால் நிச்சயம் இல்லை. ஆனால் ஒரு தடவைதானே என்று இருந்துவிடவும் கூடாது. நீங்கள் எழுதிய போதே மாத்திரைக்கு நாள் கடந்திருந்தது. மூன்று வாரம் கழித்துச் செய்யும் சிறுநீர்ச் சோதனைதான் மிச்சம் இருந்தது. இதை அந்த நாவலில் ஒரு வரியாகவாவது நான் எழுதியிருந்தால், நீங்கள் மறுநாள் காலையிலேயே ஒரு டாக்டரைத் தேடிப் போயிருப்பீர்கள். பத்து நாள் தூக்கமும் போயிருக்காது.