பிறந்த ஊர் எது? பாதுகாப்புக் கேள்வியின் கதை

டாக்டர் ராதாகிருஷ்ணன் இன்னைக்கு இருந்து, அவருக்கு ஒரு மெயில் ஐடி இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பாஸ்வேர்ட் மறந்துடுச்சா? பிறந்த ஊர் எது: திருத்தணி. பிறந்த தேதி: 1888 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம் கொண்டாடின எந்தப் பிள்ளையும் அந்த மெயிலைத் திறந்துடும்.

நான் திருத்தணிக்காரன். அதனாலேயே இந்தக் கேள்விகளோட வரலாறு எனக்குப் பிடிக்கும்.

வெளிநாட்டு வங்கிகள் ரொம்ப காலமா கேட்ட கேள்வி, "உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பேர் என்ன?" கல்யாணமானா பெண்ணோட குடும்பப் பேர் மாறும் ஊர்கள்ல, பழைய பேர் வீட்டோட இருக்கும் ரகசியம். நமக்குக் குடும்பப் பேரே கிடையாது, இனிஷியல்தான். அப்பா பேரை நம்ம பேருக்கு முன்னாடியே ஒட்டிக்கிட்டுத் திரியறோம். அதனால நம்ம ஆளுங்க தேர்ந்தெடுத்தது பிறந்த ஊர், முதல் பள்ளிக்கூடம், பிடிச்ச சாப்பாடு.

ஆனா நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கே ரகசியம்? மலைமேல 365 படி ஏறி முருகன் சன்னதியில அர்ச்சனைக்கு நின்னா, பேரையும் நட்சத்திரத்தையும் வரிசையே கேட்கும்படி சொல்றோம். பிறந்தநாளுக்குத் தெருவில ஃபிளெக்ஸ் வைக்கிறோம்.

இதோட விலை 2008 செப்டம்பர்ல உலகத்துக்கே தெரிஞ்சது. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினோட யாஹூ மெயிலை ஒரு கல்லூரி மாணவர் திறந்துட்டார். பாஸ்வேர்டை உடைக்கல. பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்கே சந்திச்சீங்க என்ற கேள்விகளுக்கு இணையத்தில தேடியே பதில் கொடுத்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டம் நமக்குத் தெரியும். 1955-ல இங்கே பிறந்தவரைக் கேளுங்க, எந்த மாநிலத்தில பிறந்தீங்கன்னு. அப்போ ஆந்திரம், இப்போ தமிழ்நாடு. பத்து வருஷம் முன்னாடி எதை டைப் பண்ணினோம்னு அவருக்கே குழப்பம் வரும். கூகுள் 2015-ல வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிஞ்சது. சுலபமான பதிலை அந்நியர் ஊகிச்சுடறார். அமெரிக்காவில ஆங்கிலம் பேசும் பயனர்கள்ல 40 சதவீதம் பேருக்குத் தங்க பதிலே நினைவுக்கு வரல. திருடனுக்குத் திறந்து, வீட்டுக்காரரை வெளியே நிறுத்துற பூட்டு!

பிறகு பெரிய நிறுவனங்கள் மெல்ல மெல்ல இந்தக் கேள்விகளைக் கைவிட்டன. சாவி நம்ம போன் நம்பருக்கு மாறிடுச்சு. இந்தியாவில இணையத்தில கார்டு மூலம் பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு வேணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது 2009 ஆகஸ்ட் 1 முதல் அமலாச்சு. ஓடிபி நம்ம வாழ்க்கையில கலந்த கதை அங்கிருந்துதான். ஆனா ரீசார்ஜ் பண்ணாம விட்டுத் துண்டிக்கப்பட்ட நம்பர், துண்டிச்சு 90 நாளுக்கு அப்புறம் வேற ஒருத்தருக்குப் போகலாம். உங்க பழைய மெயில் இன்னும் அந்த நம்பரைத்தான் நம்பிட்டிருந்தா, ஓடிபி அவர் கைக்குப் போகும்.

ஆக, இந்த வரலாறு சொல்றது ஒண்ணுதான். நம்மைப் பத்தின தகவல் வேற, நம்ம ரகசியம் வேற. ஊருக்கே தெரிஞ்சது பூட்டாகாது.

இன்னைக்கு ராத்திரி மூணு வேலை பண்ணுங்க. மெயில்ல இருக்கிற மீட்பு நம்பர் இப்பவும் உங்க கையில இருக்கிறதான்னு பாருங்க. எங்கேயாவது பாதுகாப்புக் கேள்வி மிச்சமிருந்தா உண்மையைச் சொல்லாதீங்க. சம்பந்தமில்லாத ஒரு பதிலைக் கொடுத்து, பாஸ்வேர்ட் மேனேஜர்ல எழுதி வையுங்க. அப்புறம் அம்மா, அப்பா போனையும் வாங்கி இதையே செய்யுங்க. பென்ஷனும் சேமிப்பும் அவங்க போன்லதானே இருக்கு.