பள்ளிவாசலின் வாசல்

"சார், நீங்க வரலாறு படிச்சவர், மலருக்கு ஒரு கட்டுரை கட்டாயம் தரணும்" என்று மலர்க்குழுத் தம்பிகள் பிடித்துக்கொண்டார்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அதனால் அந்த நாட்டுக் கதை ஒன்றையே சொல்கிறேன். லிவர்பூல் என்றதும் உங்களுக்குக் கால்பந்து நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருபவர் ஒரு வக்கீல்.

வில்லியம் ஹென்றி குவில்லியம் 1856இல் லிவர்பூலில் பிறந்தவர். மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். மதுவிலக்குப் பிரசாரத்தில் ஊறியவர். மொராக்கோ போய் வந்தபின், 1887இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா குவில்லியம் ஆனார். சொந்த ஊரிலேயே ஒரு சிறு ஜமாத்தைத் திரட்டினார்.

ஊர் சும்மா இருக்குமா? முதலில் எடுத்த வாடகை இடத்தை உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். 1889இல் புரூம் டெரஸ் என்ற தெருவில் வேறு வீடு பிடித்தார்கள். பாங்கு சொல்பவர் மீது கல்லும் சேறும் விழுந்தன. குவில்லியம் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கதவைத் திறந்து, ஊரிலிருந்த ஏழைக் குழந்தைகள் இருநூறு பேருக்கு மேல் அழைத்துக் காலைச் சாப்பாடு போட்டார். வந்த பிள்ளைகள் கிறிஸ்தவப் பிள்ளைகள். அவர்களுடைய பண்டிகை நாளிலேயே பந்தி விரித்தார் என்பதுதான் விசேஷம்!

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், தேவாலயத்தில் பாடிப் பழகிய மெட்டுக்களிலேயே பாடல்களும் இருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு அந்நியமாகத் தோன்றக் கூடாதே என்ற எண்ணம். துறைமுகத்தில் இறந்துபோன முஸ்லிம் கப்பல் தொழிலாளிகளுக்கு ஜனாஸா தொழுகை நடத்தியவரும் அவரே. நம் நாட்டிலிருந்து போன லஸ்கர்களும் அந்தத் தொழிலாளிகளில் உண்டு.

ஆனால் சோறு போட்டதால் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. துருக்கி சுல்தான் அவரை பிரிட்டிஷ் தீவுகளின் ஷேக்-உல்-இஸ்லாமாக ஏற்றுக்கொண்டார். 1896இல் பிரிட்டன் சூடான் மீது படை நடத்தியபோது, "முஸ்லிம் முஸ்லிமை எதிர்த்துப் போரிடக் கூடாது" என்ற கருத்தில் குவில்லியம் பத்வா வெளியிட்டார். "ராஜத் துரோகம்" என்று கூச்சல் எழுந்தது. 'நீ எங்களவனா, அவர்களவனா?' என்று மேலைநாட்டு முஸ்லிமைப் பார்த்து இன்றும் கேட்கப்படும் கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது, பாருங்கள்.

1908இல் குவில்லியம் ஊரைவிட்டுப் போனார். ஜமாத் கலைந்தது. கட்டடம் நகராட்சிக் கைக்குப் போய், பிறப்பு இறப்பு பதியும் அலுவலகமாகப் பல காலம் இருந்தது. பிறகு பாழடைந்தது. உள்ளூர் முஸ்லிம்கள் பாடுபட்டு மீட்டு, 2014இல் மறுபடி தொழுகை தொடங்கினார்கள். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முஸ்லிம்கள் சுமார் 39 லட்சம். நூற்றுக்கு ஆறரைப் பேர். கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் நூற்றுக்கு 46 பேர்.

2024 ஜூலை 29இல், லிவர்பூலுக்கு வடக்கே சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம் என்று புரளி கிளம்பியது. அது பொய். ஆனாலும் மறுநாளே கும்பல் அங்கிருந்த பள்ளிவாசல் மீது கல்லெறிந்தது. அதற்கு அடுத்த நாள் ஊர்க்காரர்கள் கூடிவந்து, இடிந்த சுவரைக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி போராட்டக்காரர்கள் குவில்லியம் பள்ளிவாசல் முன்பும் கூடினார்கள். பள்ளிவாசலுக்குத் துணையாக அவர்களைவிடப் பெரிய கூட்டம் நின்றது; முஸ்லிம் அல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். நடுவில் போலீஸ். அப்போது இமாம் பர்கரும் குளிர்பானமும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். கோஷம் போட்டவர்களில் சிலர் வாங்கிச் சாப்பிட்டார்கள். சிலர் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அந்த வாரம் பல ஊர்களில் கலவரம் பரவியது. இருந்தாலும் 135 ஆண்டு இடைவெளியில், அதே இடத்தில், கல்லுக்குப் பதில் உணவு இரண்டு முறை வந்திருக்கிறது. முதல்முறை போட்ட சாப்பாடு அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்து சேரவில்லை. வேறொருவர் மறுபடி எடுத்துப்போக வேண்டியிருந்தது.

நம் விடுதியில் நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த நண்பனையும், கிறிஸ்துமஸ் கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த நண்பனையும் என் வகுப்புத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பழைய கதைதான். மாணவச் செல்வங்களே, உங்கள் விடுதியில் அந்தத் தூக்குச்சட்டியை இப்போது யார் எடுத்துவருகிறீர்கள்? தமிழில் தொழுமிடத்துக்குப் பள்ளி'வாசல்' என்றே பெயர். வாசல் என்றால் உள்ளே வர மட்டுமல்ல, வெளியே இறங்கிப் போகவும்தானே!