எட்டணா ஷாம்பு: வாங்குபவர் பார்வையில் ஒரு சிறு நிறுவனம்

ஒரு பிராண்டின் வரலாறு என்றால் பெரும்பாலும் முதலாளியின் கதையைத்தான் எழுதுகிறார்கள். எவ்வளவு முதல் போட்டார், எத்தனை கோடிக்கு வளர்ந்தார் என்று கணக்கு நீளும். காசு கொடுத்து வாங்கியவர் என்ன நினைத்து வாங்கினார்? அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கும். கடலூரில் பிறந்த 'சிக்' ஷாம்புவை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

பாட்டில் யாருக்கு?

1970களில் நம் கிராமங்களில் தலைக்குக் குளிக்க சீயக்காய் இருந்தது, அரப்பு இருந்தது. ஷாம்பு பட்டணத்துப் பொருள். அதுவும் பாட்டிலில் வரும். அன்றாடக் கூலி வாங்குபவர் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க முடியுமா? "இதெல்லாம் நமக்கு இல்லை" என்று ஒதுங்கிப் போனார்.

கடலூரில் சிறு அளவில் தொழில் செய்துவந்த சின்னிகிருஷ்ணன் இதை யோசித்தார். வசதியானவர் வாங்கும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும், அதற்குச் சிறிய பாக்கெட்தான் வழி என்பது அவர் எண்ணம். அவர் மறைந்த பிறகு மகன்கள் 'வெல்வெட்' ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் கருத்து வேறுபாட்டால் பிரிந்து, 1983ல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொடங்கினார். தந்தையின் பெயரிலுள்ள எழுத்துகளைக் கொண்டு ஷாம்புவுக்கு 'சிக்' என்று பெயர் வைத்தார்.

தொட்டுப் பார், முகர்ந்து பார்

விலை குறைந்தால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடாது. புதுப் பொருள், தலையில் போடுவது. முடி கொட்டினால்? ரங்கநாதன் ஆட்கள் கிராமத்துக்குப் போய், ஒரு பையனுக்கு எல்லோர் முன்னிலையிலும் தலை அலசிக் காட்டினார்கள். முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு, இடையில் விளம்பரம் காட்டி, இலவசப் பாக்கெட்டும் கொடுத்தார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய யோசனை. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம்! பிறகு சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமானதாக ரங்கநாதன் பின்னாளில் பேட்டியில் சொன்னார். பின்னர் மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. தலையில் பூ வைத்துப் பழகிய பெண்களுக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. விளம்பரத்தில் நடிகை அமலாவும் வந்தார். 1990களின் இறுதியில் 50 காசுக்கே, அதாவது எட்டணாவுக்கே, ஒரு பாக்கெட் கிடைத்தது.

பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை

நிறுவனம் 1990ல் பியூட்டி காஸ்மெடிக்ஸ் ஆனது, 1998ல் கெவின்கேர் ஆனது. பெட்டிக்கடையில் "ஒரு சிக் குடுங்க" என்று கேட்டவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்குத் தெரிந்த பிராண்ட் நான்கு விஷயம்தான்: கையிலுள்ள சில்லறைக்குக் கிடைக்கிறது, ஒரு தலைக்குப் போதும், வாசமாக இருக்கிறது, போன தடவை மாதிரியே இருக்கிறது. இதில் ஒன்று தவறினாலும் பக்கத்தில் சரமாகத் தொங்கும் வேறு பாக்கெட்டைக் கிழித்து வாங்கிப் போய்விடுவார். பாட்டில் வாங்கியவர் அது தீரும்வரை காத்திருக்க வேண்டும். பாக்கெட் வாங்குபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு குளியலும் அவருக்கு ஒரு தேர்தல் மாதிரி!

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாக்கெட்டின் வெற்றியைப் பார்த்துப் பெரிய கம்பெனிகளும் இதே வழியில் வந்தன. பல அடுக்குகள் ஒட்டிய இந்த உறையை மறுசுழற்சி செய்வது மிகவும் கடினம். பழைய இரும்புக் கடைக்காரரும் அதை எடுப்பதில்லை. அது சாக்கடையிலும் குளக்கரையிலும் கிடக்கிறது. பொருளை எளியவர் கைக்குக் கொண்டுவந்த அதே உறை, இன்று அவர் தெருவிலேயே குப்பையாகச் சேர்கிறது.

ஒரு காலத்தில் ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. வாங்குபவர் அதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். விற்பனையைக் கூட்டுவதற்காகச் செய்த அந்த வேலையை, தெருவைச் சுத்தமாக்குவதற்காக எந்தக் கம்பெனியாவது மறுபடி செய்யுமானால், வாங்குபவர் மனதில் அந்தப் பெயர் கட்டாயம் நிற்கும்.