விலைப் பட்டியல் யாருக்கு?

அரசுப் பணியை முன்னிட்டுத் தமிழகம் விட்டு வந்து, பிற மாநிலக் குடியிருப்புகளில் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு விலைவாசிக் குறியீட்டெண் என்பது புதிய சொல் அன்று. ஆண்டில் இருமுறை, அகவிலைப்படி எவ்வளவு உயரும் என்று கணக்குப் பார்க்காத இல்லம் அரிது. 1946-ஆம் ஆண்டு சிம்லாவில் ஏற்பட்ட மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகமே இந்த எண்ணைத் தொகுத்து வருகிறது. இன்று 88 நகரங்களைச் சேர்ந்த 317 சந்தைகளில் விலை கேட்டு எழுதுகிறார்கள். எழுதியது கணக்காகி, கணக்கு ஆணையாகி, ஆணை பணமாகி இல்லம் வந்து சேர்வதற்குள், அந்தப் பணத்துக்குரிய துவரம்பருப்பு வாங்கிச் சமைத்து உண்டு தீர்ந்திருக்கும். செலவு போன பின்னர் வரும் ஈடு அது.

செலவு செய்வதற்கு முன்பே, இன்ன பொருள் இன்ன கடையில் இன்ன விலை என்று அரசாங்கமே குடும்பத் தலைவிக்குச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை காண முயன்ற நாடுகளில் கனடாவின் வரலாறு நாம் அறியத்தக்கது.

1972, 1973-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலை ஏறியது. 1973 அக்டோபருக்குப் பின் எண்ணெய் விலையும் அதனோடு சேர்ந்துகொண்டது. உணவுப் பொருள்களின் விலையேற்றத்தைக் கண்டு மக்கள் கொதிப்படைந்ததால், கனடிய அரசு 1973-இல் உணவு விலை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. நுகர்வோர் சங்கத்தில் நெடுங்காலம் தொண்டாற்றிய பெரில் பிளம்ட்ரே அம்மையார் அதன் தலைவரானார். விசாரிக்கலாம், அறிக்கை தரலாம். விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. கையில் கோல் இல்லாத கண்காணிப்பாளர் என்று ஏளனம் செய்யத் தோன்றும். ஆயினும் அந்தக் குறையே ஒரு நல்ல சோதனைக்கு இடம் தந்தது.

1974-ஆம் ஆண்டு, தலைநகரான ஒட்டாவாவையும் ஆற்றின் மறுகரையிலிருந்த ஹல் நகரையும் ஒரே சந்தையாகக் கொண்டு, அங்குள்ள பெரிய உணவுக் கடைகளில் அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்களின் விலையைத் திரட்டினார்கள். அவற்றை ஒப்பிட்டு, கடைகளின் பெயரோடு நாளிதழ்களில் ஐந்து வாரம் வெளியிட்டார்கள். இவ்வாறு எதுவும் வெளியிடப்படாத வின்னிபெக் நகரின் விலைகளையும் ஒப்புநோக்குவதற்காகக் குறித்து வந்தார்கள். இச்சோதனையை ஆராய்ந்து எழுதியவர் கிரான்ட் டிவைன் என்னும் வேளாண் பொருளியல் அறிஞர்; பிற்காலத்தில் சஸ்காச்சவன் மாநிலத்தின் முதல்வராக விளங்கியவர்.

விளைந்தது என்ன? கடைக்குக் கடை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. மக்கள் மலிவான கடைகளை நோக்கி நகர்ந்தார்கள். அந்நகர்களின் சராசரி விலையே இறங்கியது. பட்டியல் நின்றதும் விலைகள் மீண்டும் மேலேறின.

இதன் சூட்சுமம் எளியது. எல்லாக் கடைக்காரரும் இரண்டு மூன்று சரக்குகளின் விலையை வெட்டிப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வர். மற்றவற்றில் அதை ஈடு கட்டிவிடுவர். அண்டைக் கடையின் விலையை அவர் ஆள் அனுப்பி அறிந்துகொள்ளலாம். பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாய்க்கு அந்த வசதி ஏது? பட்டியல் வந்த பின் மொத்தக் கூடையின் கணக்கே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. நூறு பேரில் இருபது பேர் அதைப் படித்துவிட்டுக் கடை மாறினால் போதும், கடைக்காரர் விலையைக் குறைத்தாக வேண்டும். குறைத்த விலை, பத்திரிகை படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் குறைந்த விலைதானே!

அதே காலத்தில் பிரிட்டனிலும் விலைகள் கட்டுக்கடங்காமல் ஏறின. 1975 ஆகஸ்டில் ஓராண்டு ஏற்றம் நூற்றுக்கு 26.9 ஆயிற்று. விலைகளுக்கும் நுகர்வோர் பாதுகாப்புக்கும் என்றே 1974-இல் ஷெர்லி வில்லியம்ஸ் அம்மையார் தலைமையில் தனி அமைச்சகம் ஏற்பட்டிருந்தது. உள்ளூர் மன்றங்கள் தத்தம் ஊர்க் கடைகளின் விலையை ஒப்பிட்டு வெளியிட அரசு பொருளுதவி அளித்தது. 1979-இல் ஆட்சி மாறியது, அமைச்சகமும் கலைந்தது. ஊரின் மறுகோடியில் மலிவு என்று அறிந்து, பஸ் கட்டணம் கொடுத்துப் போய் வருவதில் என்ன லாபம் என்ற கேள்விக்கு எந்தப் பட்டியலும் விடை தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பட்டியலால் கேடு விளைந்ததும் உண்டு. 1993-இல் டென்மார்க் நாட்டுப் போட்டித்துறை, கட்டடத்துக்கான கலவைக் கான்கிரீட் விற்கும் நிறுவனங்கள் உண்மையில் பெற்ற விலைகளை வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விலை நூற்றுக்கு 15 முதல் 20 வரை உயர்ந்துவிட்டது! விற்பவர் சிலரே, ஒருவர் மறைவாகக் கொடுத்த தள்ளுபடி மற்றவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பிறகு தள்ளுபடி கொடுக்க யார் முன்வருவார்? வாங்குபவருக்கு உதவ அச்சிட்டதை விற்பவர்கள் ஊன்றிப் படித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஒட்டாவாவில் பட்டியல் அச்சான அதே 1974-இல் இங்கே விலையேற்றம் அதைவிடக் கடுமை. மொத்த விலைகள் 1974-75-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 25 உயர்ந்தன. அப்போது அரசு கைக்கொண்ட வழிகளில் ஒன்றை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலையில் பிறந்த அவசரச் சட்டத்தின்படி, கூடுதல் அகவிலைப்படியில் பாதி கட்டாய வைப்பு நிதிக்குப் போயிற்று. பணப்புழக்கத்தைக் குறைக்க அது ஒரு வழிதான். ஆனால் அடுப்பங்கரைக்கு அது எந்தச் செய்தியும் தரவில்லை.

1998-இல் நுகர்வோர் துறையில் விலைக் கண்காணிப்புப் பிரிவு தோன்றியது. 2024 ஆகஸ்ட் முதல் 550 மையங்களிலிருந்து 38 பொருள்களின் விலை நாள்தோறும் அதற்கு வந்து சேர்கிறது. கையிருப்பு வெங்காயத்தை எந்நகரில் எப்போது விற்பது என்று அரசு முடிவு செய்ய இது பெரிதும் பயன்படுகிறது. எவரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறார்கள். எனினும் அது மையத்தின் விலை; கடையின் விலை அன்று. ஒரே நகரில் வாரச்சந்தைக்கும் குடியிருப்பு வாயிலில் உள்ள கடைக்கும் தக்காளி விலை எவ்வளவு மாறுகிறது என்பதை அதில் காண முடியாது. ஒட்டாவாவில் கடையின் பெயர் போட்டு அச்சிட்டார்கள்.

நம் குடியிருப்பைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகள் பத்துப் பன்னிரண்டுதான். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் என்று இருபது பொருள்களுக்கு, தரத்தையும் குறித்து, வாரம் ஒருமுறை விலை கேட்டெழுத இரண்டு பேர் போதும். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இடமும் இருக்கிறது.