மறையாத மழலை முகங்கள்

அரசர் தம் மக்களின் உருவங்களை ஓவியரைக் கொண்டு தீட்டுவித்த வரலாற்றை நேயர் பலர் அறிவர். ஸ்பானிய இளவரசி மார்கரீத்தாவைக் குழந்தைப் பருவம் முதலே வெலாஸ்குவெஸ் தீட்டினார். அவ்வோவியங்களுட் சில, அவளை மணக்கவிருந்த தாய்மாமன் லியோபோல்டின் வியன்னா அரண்மனைக்கு அனுப்பப்பட்டன. ஆனால், கமக்காரரும் கைவினைஞரும் கடைக்காரரும் தம் பிள்ளைகளின் முகத்தைப் படமாக்கி வைத்த வரலாறு வேறொன்று. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் செழித்தது.

அங்கு ஊர் ஊராகச் சென்று உருவம் தீட்டிய ஓவியர் பலர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலார் கலைக்கூடங்களிற் பயின்றவரல்லர். நிழல் குறைந்த தட்டையான முகம், பளிச்சிடும் உடை, கையில் ஒரு பூவோ விளையாட்டுப் பொருளோ, அருகில் ஒரு நாய்: இவையே அவர்களின் பாணி. அம்மி பிலிப்ஸ் என்பவர் ஒரே வகைச் சிவப்பு உடையைப் பிள்ளைகள் சிலருக்கு அணிவித்துத் தீட்டினார். பூனையை ஏந்திய அத்தகைய சிறுமி ஒருத்தியின் படம் இன்று நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாட்டார் கலை நூதனசாலையில் இருக்கின்றது.

இவ்வோவியருள் ஜோசப் வைற்றிங் ஸ்டொக்கின் வாழ்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1815இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிற் பிறந்த அவர், பதினொரு வயதில் மாட்டு வண்டி மேலே சாய்ந்ததால் கால்களின் இயக்கத்தை இழந்தார். படுக்கையிலிருந்தே ஓவியம் பயின்றார். பின்னர் மருத்துவர் ஒருவர் சில்லுப் பூட்டிய நாற்காலியொன்றை அமைத்துக் கொடுத்தார். அதன் துணையால் அயலூர்களுக்கும் சென்று தொழில் செய்தார். 1832 முதல் 1846 வரையான அவருடைய நாட்குறிப்பில் 900க்கு மேற்பட்ட ஓவியங்கள் பதிவாகியுள்ளன.

அப்பதிவுகள் வெறுங் கணக்கல்ல. நோய்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு சென்ற காலம் அது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஓவியரை அழைத்தனர். உயிர் பிரிந்த உடலைப் பார்த்தே ஸ்டொக் தீட்டிய படங்களும் உள. ஆயினும் இத்தகைய படங்களிற் பிள்ளை பெரும்பாலும் விழித்த கண்களுடன், விளையாடி நிற்பது போலவே காணப்படும். பெற்றோர் வேண்டியது பிணத்தின் சாயலையன்று, பிள்ளையின் முகத்தையே.

1839இல் பாரிசில் டகேரின் புகைப்பட முறை வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளில் அது அமெரிக்க ஊர்களிலும் பரவியது. ஊர் சுற்றும் ஓவியரின் தொழில் மெல்ல நலிந்தது. ஸ்டொக் 1855இல் காசநோயால் மறைந்தார்.

இன்றும் அப்பழைய பாணியிலே தம் பிள்ளைகளின் உருவத்தைத் தீட்டுவிப்போர் உளர். அவர்களுக்கு அது இல்லத்தின் அழகு. அன்றைய தாய்க்கோ, அது மட்டுமே எஞ்சிய பிள்ளை முகம்.