வெளி ஆண்டெனா (கையடக்க வானொலி)

கையடக்க வானொலியின் சொந்த ஆண்டெனாவுக்கு எட்டாத நிலையங்களைப் பிடிக்க வெளியே அமைக்கும் கம்பி அல்லது சுருள். சிற்றலைக்கு 5 முதல் 10 மீட்டர் செப்புக் கம்பியே போதும். அதை நேரடியாக இணைத்தால் வலுவான அலைகள் முன்நிலைச் சுற்றைத் திணறடித்து, ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஒலிக்கும். இடையில் 100 பிக்கோஃபாரடு அளவில் ஒரு மின்தேக்கி வைப்பது இதைக் குறைக்கும். நீண்ட கம்பிக்கு இடமில்லாதவர்கள் ஒரு மீட்டர் கம்பியுடன், 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் புல விளைவு டிரான்சிஸ்டர் சுற்றொன்றை இணைக்கலாம். அது மின்னழுத்தத்தைப் பெருக்குவதில்லை; குறுங்கம்பியின் உயர் மின்மறுப்பை வானொலிக்கு ஏற்றபடி தாழ்த்தித் தருகிறது.

மத்திய அலைக்கு வழி வேறு, அழகானதும்கூட. மரச்சட்டத்தில் சுற்றிய கம்பிச் சுருளோடு மாறு மின்தேக்கியை இணைத்து வானொலியின் அருகே வைத்தாலே போதும். உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டுக்குக் காந்தப்புலம் வழியாகவே அலை சேரும். ஒயர் இணைப்பே வேண்டாம். சட்டத்தைத் திருப்பி, ஒரு திசையிலிருந்து வரும் இரைச்சலையும் தணிக்கலாம்.

இடிமின்னல் நேரத்தில் வெளிக்கம்பி வானொலியோடு இணைந்திருக்கவே கூடாது. மேகம் திரளும்போதே கழற்றிவிட வேண்டும்.